தியோடோர் ஹோய்ஸ்: கேள்வி பதில்

கே: மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவர் ஹோய்ஸ், அரசியலுக்கு முன் யார்?

ப: பத்திரிகைக்காரர். 1884இல் பிராக்கன்ஹைமில் பிறந்தவர். முனைவர் பட்ட ஆய்வே ஹைல்பிரான் திராட்சை விவசாயிகளைப் பற்றித்தான்.

கே: அடினாவருக்கு மேலா, கீழா?

ப: பதவியில் மேல், அதிகாரத்தில் கீழ். ஆட்சி நடத்தியவர் சான்சலர் அடினாவர். இரண்டு பதவிகளையும் தயவுசெய்து குழப்பாதீர்கள்.

கே: 1933இல் ஹிட்லருக்கு வரம்பற்ற அதிகாரம் தந்த சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர்தானே? இவரா தாராளவாதி?

ப: போட்டார், மார்ச் 23 அன்று. முந்தின வருடம்தான் ஹிட்லரை விமர்சித்து ஒரு புத்தகமே எழுதியிருந்தார். நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு ஐந்தே உறுப்பினர்கள். கட்சிக்குள்ளே பேசியபோது ஹோய்ஸ் ஆதரிக்கவில்லை. பெரும்பான்மை ஆதரிப்போம் என்றதும் கூடவே போய்விட்டார்.

கே: சமூக ஜனநாயகவாதிகள் எதிர்த்தார்களே! இவரைத் தடுத்தது எது?

ப: நல்ல கேள்வி, இதை விடமாட்டீர்கள் என்று தெரியும். அவைக்குள்ளேயே நாஜிப் படையினர் நிற்க, அவர்களில் 94 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 444. ஐந்து பேர் மாறியிருந்தாலும் சட்டம் நிறைவேறியிருக்கும். அந்தக் கணக்கைக் காட்டி அவரைக் காப்பாற்ற நான் வரவில்லை. கட்சிக் கட்டுப்பாடு காரணம்தான், சமாதானம் ஆகாது.

கே: அதற்குப் பரிகாரமாகத்தான் பெர்கன்-பெல்சனில் பேசினாரா?

ப: அவர் மனதுக்குள் போய் நான் பார்க்க முடியாது. 1952 நவம்பரில் அந்த வதைமுகாம் நினைவிடத்தில் நின்று, நடந்தவை நமக்குத் தெரிந்தே இருந்தன என்றார். இந்த வெட்கத்தை நம்மிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். நாடே பேச்சை மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் கவனியுங்கள்: மொத்த மக்களின் 'குற்றம்' என்பதை அவர் ஏற்கவில்லை, 'வெட்கம்' என்றுதான் சொல்லிவந்தார். என் கணக்கில் அது கொஞ்சம் மெத்தை போட்ட சொல். ஓட்டை வைத்து உரையையோ, உரையை வைத்து ஓட்டையோ அழிக்காதீர்கள்.

கே: ஹோய்ஸ் பெரியவரா, அடினாவரா?

ப: மேலே இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான்.

கே: மனைவி எல்லி?

ப: 1908இல் இவர்களுக்குத் திருமணம் செய்துவைத்தவர் பாதிரியார் ஆல்பர்ட் சுவைட்சர். நாஜிக் காலத்தில் எல்லி வானொலி விளம்பரம் எழுதித்தான் குடும்பம் ஓடியது. 1950இல் களைத்துப்போன தாய்மாருக்கு ஓய்வு தரும் அமைப்பைத் தொடங்கினார்.

கே: தேசிய கீதத்தை மாற்றினாராமே?

ப: முயன்றார். புதுப்பாட்டு எழுத வைத்தார், மக்களிடம் எடுபடவில்லை. 1952இல் அடினாவருக்கு விட்டுக்கொடுத்தார். பழைய பாட்டின் மூன்றாம் சரணம் நிலைத்தது.

கே: சான்சலராக எத்தனை வருடம் இருந்தார்?

ப: ஒரு நாள்கூட இல்லை. குடியரசுத் தலைவராக 1949 முதல் 1959 வரை. மூன்றாம் முறைக்காக அரசியல் சட்டத்தைத் திருத்தலாம் என்றார்கள், வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.