கொழும்பில் விடியலைப் படம் பிடிக்க முடியுமா? கேள்வி பதில்

பயணம் போகும் இடங்களில் விடியலையும் அந்தியையும் படம் பிடிப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பதிலுக்கு வந்த மறுகேள்விகளும் இதில் உண்டு.

தெஹிவளையிலிருந்து ஒரு தங்கை: காலிமுகத்திடலில் போனில் எடுத்தேன். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த சூரியன் படத்தில் பொட்டு மாதிரி இருக்கிறது. ஏன் அண்ணா?

சூரியன் வானத்தில் பிடிக்கிற இடம் அரைப் பாகைதான். லென்ஸின் குவியத் தூரத்தை (அதன்மேல் மி.மீ.யில் எழுதியிருக்கிற எண்) நூறால் வகுத்தால், ஃபுல் ஃபிரேம் கமராவின் 36 மி.மீ. அகலச் சென்சரில் சூரியன் ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டர் என்று வந்துவிடும். 400 மி.மீ. லென்ஸில் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. போனின் வழமையான லென்ஸ் 26 மி.மீ.க்குச் சமம் என்று வைத்தால் கால் மில்லிமீட்டர். பிறகு பொட்டாகத்தானே விழும்?

போன்தான் கையில் என்றால் சூரியனை விட்டுவிட்டுத் திரும்பி நில்லுங்கள். இறால் வடை வண்டியின் கண்ணாடியைப் பாருங்கள். வடையின் மேல் ஒட்டியிருக்கிற இறாலின் ஓடு, பக்கவாட்டு வெளிச்சத்தில் உள்ளே விளக்கு வைத்தது போல இருக்கும். வெளிச்சம் எதன்மேல் விழுகிறது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் எந்த ஊருக்குப் போனாலும் படம் கிடைக்கும்.

பெரிய லென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: டி.எஸ்.எல்.ஆர். கமராவின் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். பின்திரையில் பாருங்கள்.

வத்தளை, கொட்டாஞ்சேனை, இன்னும் ஏழு பேர்: என்ன செட்டிங் வைப்பது?

வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், அது அந்தியின் மஞ்சளைக் கழுவி வெள்ளையாக்கப் பார்க்கும். 'டேலைட்'டில் வையுங்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் குறையுங்கள், அதாவது உள்ளே விழுகிற வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். போனில் என்றால் பிரகாசமான வானத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுங்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒரு அண்ணை: கொழும்பில் இருக்கிறவனுக்கு அந்தி மட்டும்தான். விடியல் வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் திருகோணமலைக்கோ பாசிக்குடாவுக்கோதான் போக வேண்டும். சரிதானே?

சரியில்லை அண்ணை. கொழும்பின் விடியல் கடலில் இல்லை, மலையில் இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, வானம் துப்புரவாக இருக்கிற ஒரு நாளில், கிழக்கு பார்த்த உயரமான மொட்டைமாடியில் ஐந்தே முக்காலுக்கு நில்லுங்கள். வெள்ளாப்பில், அடிவானத்தில் நீல நிறத்தில் ஒரு கூர்முனை தெரியும். அது சிவனொளிபாத மலை.

அதற்கு வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மலை எப்படித் தெரியும்? நாற்பது வருடமாக இங்கே இருக்கிறேன், பார்த்ததில்லை.

கணக்கைப் பாருங்கள் ஐயா. மலை 2,243 மீட்டர். பூமியின் வளைவு அதில் ஏறத்தாழ 360 மீட்டரை மறைத்தாலும் மிச்சம் அடிவானத்துக்கு மேலே ஒன்றரைப் பாகை நிற்கும். மூன்று சூரியனை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றரைச் சுண்டுவிரல்.

இன்னொருவர்: ஜூலையில் மாடி ஏறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை தென்மேல் பருவக்காற்றுக் காலம். மலைநாடு முகிலுக்குள் இருக்கும். நான் டிசம்பர் என்றுதான் எழுதினேன்.

மறுபடி வெள்ளவத்தை: சரி, மலை தெரியும் என்றே வைப்போம். சூரியன் அதற்குப் பின்னாலிருந்து வருமா?

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சூரியன் உதிக்கிற இடம் பெப்ரவரி, மார்ச் நாட்களில் தினமும் ஏறத்தாழ 0.4 பாகை வடக்கே நகர்கிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து பார்த்தால் பெப்ரவரி மூன்றாம், நான்காம் வாரம் அளவில் மலைக்குப் பின்னால் வரும். ஏழு கிலோமீட்டர் தெற்கே வெள்ளவத்தையிலிருந்து என்றால் மார்ச் முதல் வாரம். நீங்கள் நாற்பது வருடமாக இருக்கிற அதே வெள்ளவத்தைதான் ஐயா!

நான் மூன்று வருடம் முயன்றேன். முதல் வருடம் முகில். இரண்டாம் வருடம் இரண்டு நாள் பிந்திப் போய், சூரியன் மலையின் இடது தோளில் ஏறிவிட்டது. மூன்றாம் வருடம் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், உடுப்புக் கொடிக்குக் கீழே ட்ரைபொட் வைத்துக் குந்தியிருந்தேன். ஆறரை மணியளவில் முனையின் இரண்டு ஓரமும் நெருப்புக் கம்பி போல மினுங்கியது. பிறகு சூரியன். ஏழு படம் எடுத்தேன். கை நடுங்கியதில் இரண்டுதான் சரிவந்தது.

அதே ஐயா: மார்ச்சில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

பம்பலப்பிட்டி: ட்ரோனில் அந்தி எடுக்கலாமா?

சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். அவர்களைக் கேளுங்கள்.

கல்கிசை: தண்டவாளத்தில் நின்று, கடலோடு அந்தியை எடுத்தால் நல்லாயிருக்குமா?

நிற்கக் கூடாது. அலைச் சத்தத்தில் கோச்சி வருவது கேட்காது, சூரியனைப் பார்த்து நிற்கிற கண்ணுக்கும் தெரியாது. கரையோர அந்தி வேண்டுமென்றால் பின்னேரம் காலிக்குப் போகிற ரயிலில் வலது பக்க யன்னலைப் பிடியுங்கள்.

மருதானை: எந்தப் போன் நல்லது? (இதைக் கேட்ட நாலாவது ஆள்.)

உங்களிடம் இருக்கிற போன். லென்ஸைத் துடையுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

பாணந்துறை: தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கலாமா?

வேண்டாம் தம்பி. மேலே எழுதியதை வாசியுங்கள்.

கொழும்பு 13இலிருந்து ஒரு அக்கா: இன்று பின்னேரம் பிள்ளைகளோடு காலிமுகத்திடலுக்குப் போகிறேன். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்.

சூரியன் இறங்கியதும் எழும்பாதீர்கள் அக்கா. எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு போகிற நேரத்தில்தான் மேல்முகில் சிவக்கத் தொடங்கும், ஏனென்றால் அந்த உயரத்துக்குச் சூரியன் இன்னும் மறையவில்லை. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மம்மல் ஏறத்தாழ இருபது நிமிடம்தான் நிற்கும். அந்த இருபது நிமிடமும் இருங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வடை வாங்கிக் கொடுங்கள், இருப்பார்கள்.