கத்தி யார் கையில்?

வாசகர் கேள்விகளுக்கு அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியர்கள் பதில்

கேள்வி: அப்பாவுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. கேஸ் ஷீட்டில் பேராசிரியர் பெயர் இருக்கிறது. ஆனால், ‘நான்தான் தையல் போட்டேன் ஐயா’ என்று ஓர் இளம் டாக்டர் அப்பாவிடம் சொன்னாராம். உண்மையில் ஆபரேஷன் செய்தது யார்?
– வாசகர், கரூர்

பதில்: இருவரும்தான். மருத்துவக் கல்லூரியில் நோயாளி ஒரு டாக்டரிடம் சேர்வதில்லை, ஒரு யூனிட்டில் சேர்கிறார். யூனிட்டுக்குத் தலைவர் (எல்லோரும் ‘சீஃப்’ என்பார்கள்) ஒரு பேராசிரியர் அல்லது இணைப் பேராசிரியர். அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், சீனியர் ரெசிடெண்ட் (முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு யூனிட்டில் பணியாற்றுபவர்), மூன்று ஆண்டு எம்.எஸ். படிக்கும் முதுநிலை மாணவர்கள், கடைசியாக ஹவுஸ் சர்ஜன்கள் (எம்.பி.பி.எஸ். பயிற்சி டாக்டர்கள்). ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஓ.பி. நாள், அட்மிஷன் நாள், தியேட்டர் நாள் உண்டு. கேஸ் ஷீட்டில் சீஃப் பெயர் இருந்தால் பொறுப்பு அவருடையது என்று பொருள். கத்தியை முழுக்க அவரே பிடித்தார் என்று பொருளல்ல.

அடுத்த முறை ‘யார் செய்வார்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘தியேட்டரில் கையுறை போட்டு உடன் நிற்கப்போகிற சீனியர் யார்?’ என்று கேளுங்கள். அதற்குப் பெயரோடு பதில் வர வேண்டும்.

கேள்வி: மகன் எம்.எஸ். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ‘ரெட்ராக்டர் பிடிக்கிறதைத் தவிர ஒன்றும் தரமாட்டேன்கிறாங்கம்மா’ என்று புலம்புகிறான். இப்படித்தான் இருக்குமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: எட்டாவது மாதத்தில் அந்தப் புலம்பல் பாதி நியாயம். வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரெட்ராக்டரைப் பிடிப்பது கூலி வேலை அல்ல. எந்தத் திசையில் எவ்வளவு இழுத்தால் எந்தத் தளம் (திசு அடுக்குகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி) திறக்கிறது என்று கண்ணுக்குப் பழகுவது அங்கேதான். ஆனால் ஆசிரியர் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கை மட்டுமே வலிக்கும்.

நல்ல யூனிட்டில் ஓர் ஆபரேஷனை முழுசாகத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். உங்கள் மகன் தினமும் பார்க்கிற வலை வைக்கும் குடலிறக்க ஆபரேஷனையே எடுத்துக்கொள்வோம். முதலில் தருவது கடைசிப் படியான தோல் தையல். அடுத்து, தோலைத் திறந்து வெளிச் சாய்தசையின் நார்ப்படலம் வரை போவது. பிறகு வலையைப் பொருத்துவது. விந்து வடத்திலிருந்து குடலிறக்கப் பையைப் பிரிப்பதைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் தருவோம்.

வலை பொருத்துவதிலேயே மூன்று தப்பு நடக்கலாம். பூப்பெலும்பு முகட்டை (பியூபிக் ட்யூபர்கிள்) வலை 2 செ.மீ. தாண்டி மூட வேண்டும். அங்கே குறைந்தால் அதே இடத்தில் குடலிறக்கம் திரும்ப வரும். ஊசி எலும்புறையில் ஏறினாலோ நரம்பைச் சேர்த்துக் கட்டினாலோ நோயாளிக்கு மாதக்கணக்கில் வலி. தொடை மடிப்புத் தசைநாரில் ஊசியை ஆழமாக விட்டால் அடியில் இருப்பது தொடைச் சிரை. ஆசிரியர் எதிரே நிற்பது இந்த மூன்று இடங்களுக்காகத்தான்.

‘ஒன்று பார், ஒன்று செய், ஒன்று கற்றுக்கொடு’ என்ற பழைய வாசகத்தை மகன் சொல்லக்கூடும். 1889-ல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட் தொடங்கிய பயிற்சி முறையோடு சேர்த்துச் சொல்லப்படும் வாசகம் அது. அவரிடம் பயின்றவர்களோ வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தவர்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கத்தி எடுத்தவர் யாரும் அங்கே இல்லை.

முதல் வருடம் முடிந்தும் தோல் தையல்கூடக் கிடைக்கவில்லை என்றால், லாக்புக்கை (செய்த ஆபரேஷன்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) எடுத்துக்கொண்டு போய் வழிகாட்டிப் பேராசிரியரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். குறையாகச் சொல்ல வேண்டாம். ‘அடுத்த மாதம் எந்தப் படி எனக்கு, சார்?’ என்று கேட்டால் போதும்.

கேள்வி: புதிதாக உதவிப் பேராசிரியர் ஆகியிருக்கிறேன். லேப்பராஸ்கோப்பில் பித்தப்பை எடுக்கும்போது பி.ஜி.யிடம் (முதுநிலை மாணவரிடம்) கருவியைக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் பொறுக்க முடியாமல் பிடுங்கிவிடுகிறேன். எப்போது திரும்ப வாங்குவது என்று எப்படி முடிவு செய்வது?
– மருத்துவர், தருமபுரி

பதில்: அந்த முடிவைத் தியேட்டருக்குள் எடுக்காதீர்கள், கை கழுவும் தொட்டி அருகிலேயே எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். ‘இன்றைக்கு உன் பகுதி எது? எந்த இடத்தில் மாட்டிக்கொள்வாய் என்று நினைக்கிறாய்?’ என்று கேளுங்கள். பிறகு உங்கள் நிபந்தனையைச் சொல்லுங்கள்: ‘ரத்தம் கசிந்து இடம் தெரியாமல் போனால் வாங்கிக்கொள்வேன். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் வாங்கிக்கொள்வேன், அந்த இடம் தாண்டியதும் திருப்பித் தருவேன்.’ சொல்லி வாங்கினால் மாணவருக்கு அவமானம் இல்லை. திருப்பித் தருவதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பலர் தவறுவது அதில்தான்.

உதவியை நான்கு படியாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் நீங்கள் செய்துகொண்டே பேசுவது. அடுத்து, அவர் செய்ய, நீங்கள் முதல் உதவியாளராக நின்று ஒவ்வொரு தளத்தையும் விரித்துக் கொடுத்து வழிநடத்துவது. மூன்றாவது, கேட்டதை மட்டும் செய்வது. நான்காவது, வெறுமனே நிற்பது. உங்களைப் போன்ற திறமையான கைக்காரர்கள் இரண்டாவது படியிலேயே வருஷம் முழுக்க நின்றுவிடுவார்கள். மாணவரும் தானே செய்ததாக நினைத்துக்கொள்வார். தளத்தை விரித்துக் கொடுத்தது யார் என்பது அவருக்குத் தெரியாது.

பித்தப்பையில் ஒரு விஷயத்தில் மட்டும் தளர்வே கூடாது. பித்தப்பைக் கழுத்தை மேல்நோக்கியே இழுத்தால் பித்தப்பைக் குழாயும் பொதுப் பித்தக் குழாயும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். பெரியதைச் சிறியது என்று நினைத்து வெட்டுவது அப்படித்தான் நடக்கிறது. அடிப்பகுதியை வலது தோள் பக்கம் தூக்கி, கழுத்தை வெளிப்புறமாகவும் கீழாகவும் இழுத்துக் கோணத்தைத் திறக்க வேண்டும். கல்லீரலின் அடியில் தெரியும் ரூவியே பள்ளத்துக்குக் கீழே கருவி இறங்கக் கூடாது.

குழாயை அடைக்கும் கிளிப்பைக் கேட்கும்போது எல்லோரும் கையை நிறுத்த வேண்டும். பித்தக் குழாய்களுக்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுக்க நீங்கியிருக்கிறதா? பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிந்திருக்கிறதா? பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு அமைப்புகள்தானா (அதன் குழாயும் தமனியும்)? மூன்றையும் மாணவரே திரையில் காட்டிச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிளிப் இல்லை, கருவி உங்கள் கைக்கு வரும். உங்களாலும் காட்ட முடியாவிட்டால் சீஃப்பைக் கூப்பிடுங்கள், அல்லது பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து முடியுங்கள், அல்லது வயிற்றைத் திறங்கள். மாணவர் முன்னால் ‘சாரைக் கூப்பிடு’ என்று சொல்வதும் பாடம்தான்.

இன்னொன்று: ‘இன்னும் கொஞ்சம் அங்கே’ என்பது கட்டளை ஆகாது. ‘பதினோரு மணித் திசை, அரை சென்டிமீட்டர், மேல்படலம் மட்டும்’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஆபரேஷனில் தவறு நடந்தால் பேராசிரியர்கள் தங்களுக்குள் மூடி மறைத்துவிடுவார்கள் என்கிறார்களே?
– வாசகி, வேலூர்

பதில்: மறைப்பவர்களும் உண்டு. அதற்காகத்தான் ‘மார்ட்டாலிட்டி மீட்டிங்’ என்ற ஒன்று இருக்கிறது. இறந்தவர்கள், சிக்கல் ஏற்பட்டவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி மாணவர் நேர வரிசைப்படி எடுத்துச் சொல்ல வேண்டும். உதாரணமாக, குடல் இணைப்பு கசிந்த கேஸ் என்றால், நாடித்துடிப்பு 120-ஐத் தொட்டது எப்போது, அதை யார் யாரிடம் சொன்னார்கள், ஸ்கேன் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று. கசிவு தெரியும் முன்பே பல நேரம் நாடி ஏறிவிடும். ‘வலியால் இருக்கும்’ என்று ஒதுக்கும் இரவில்தான் நேரம் போகிறது. கூட்டம் பயன்படுமா என்பது முதலில் பேசும் சீனியரைப் பொறுத்தது. ‘என் முடிவு தாமதம்’ என்று அவர் தொடங்கினால் மாணவர்கள் உண்மை பேசுவார்கள். மாணவரைக் கூண்டில் ஏற்றினால், அடுத்த மாதம் கேஸ் ஷீட்டே அழகாக எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: எம்.எஸ். படிப்பில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புகிறார்களே, அது வீண்தானே? அங்கே பேராசிரியர்களே கிடையாதே?
– மாணவர், மதுரை

பதில்: பேராசிரியர் என்ற பட்டம் இல்லை, ஆசிரியர் உண்டு. தினமும் குடல்வால், குடலிறக்கம், விரைவீக்கம், சீழ்க்கட்டி என்று செய்து தேர்ந்த சர்ஜன் பக்கத்தில் நிற்பார், கல்லூரியைப் போல உங்களுக்கு முன்னால் நான்கு பேர் வரிசையில் இருக்க மாட்டார்கள். 2025-ல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளும் இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன: 220 படுக்கைக்கு மேற்பட்ட அரசு மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணியாற்றிய முதுநிலைப் பட்டதாரி உதவிப் பேராசிரியர் ஆகலாம், பத்து ஆண்டு என்றால் இணைப் பேராசிரியர். கை தேர்ந்தவர் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி. அது கல்லூரிக்குள்ளும் இருக்கிற கேள்விதான்.

கேள்வி: எம்.எஸ். சேரும் முன் வீட்டில் என்ன பழகலாம்?
– ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்

பதில்: நாற்காலிக் கைப்பிடியில் நூல் கட்டி ஒற்றைக்கை முடிச்சு, இரண்டு கையாலும். பிறகு அதே முடிச்சைத் தண்ணீர் நிரம்பிய டம்ளரைச் சுற்றி, டம்ளர் நகராமல். லேப்பராஸ்கோப்புக்கு ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே செல்போன் கேமரா, இரண்டு பழைய கருவி. ஆறு ரப்பர் வளையங்களை இடப்பக்க முளையிலிருந்து வலப்பக்கத்துக்கு, நடுவில் கை மாற்றி, பிறகு திரும்பவும். அமெரிக்க லேப்பராஸ்கோப் திறன் தேர்வில் இதற்கு உச்ச வரம்பு 300 விநாடி. முதல் வாரம் கடிகாரம் பார்க்காதீர்கள், வளையம் கீழே விழாமல் இருந்தால் போதும்.