வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைக்குப் பள்ளி: சிறப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்

கேள்வி: மேடம், மகனுக்கு மூன்றரை வயது. நடையும் பேச்சும் தாமதம். ‘குளோபல் டெவலப்மென்டல் டிலே’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா?

பதில்: அந்தப் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். உடலசைவு, பேச்சு, புரிதல், பழகுதல் போன்றவற்றில் இரண்டோ அதற்கு மேலோ கணிசமாகப் பின்தங்கியிருந்தால், ஐந்து வயதுக்குள் வைக்கிற பெயர் அது. பிறகு மறுபடி மதிப்பீடு செய்வார்கள். ஆகவே இப்போது தேட வேண்டியது அடுத்த ஓரிரு வருடங்களுக்கான இடம் மட்டும்தான். கடைசி வகுப்பு வரைக்கும் இன்றே யோசித்தால் தலைதான் வலிக்கும்.

அவனுக்குத் தினமும் எதற்கெல்லாம் உதவி வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்: கழிப்பறை போக, சாப்பிட, படியேற, வேண்டியதைக் கேட்க. ஒவ்வொன்றுக்கும் “யார் செய்வார்கள்?” என்று பள்ளியில் கேளுங்கள். “நாங்க பார்த்துக்கறோம்” என்றால் விடாதீர்கள். ஆளைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நேரில் போனால் எதைக் கவனிப்பது?

பதில்: விழா நாளில் போகாதீர்கள், சாதாரண வகுப்பு நாளில் போங்கள். விளையாட்டு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புகிற நேரம் நல்ல நேரம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுதான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவார்கள். “இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே போகணும்” என்று முன்கூட்டியே சொல்கிறார்களா, படம் காட்டுகிறார்களா, இல்லை கையைப் பிடித்து இழுக்கிறார்களா? ஒரு குழந்தை அழுதால் யார் போகிறார், என்ன தொனியில் பேசுகிறார்?

அப்புறம், பின்தங்கிய குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கடைசி மூலையில் ஆயாவோடு தனியாக என்றால், அது வகுப்பறைக்குள் இருக்கிறது, வகுப்போடு சேரவில்லை. தெரபி அறையில் புதுப் பந்தும் ஊஞ்சலும் இருப்பதைப் பார்த்து எனக்கு மயக்கம் வருவதில்லை. வாரத்தில் எத்தனை நாள், யார் வந்து, எந்தக் குழந்தைக்குப் பயன்படுத்துகிறார் என்று கேட்டால் தெரிந்துவிடும். குழந்தை சட்டென்று ஓடக்கூடியது என்றால் கேட் பூட்டையும், வலிப்பு வரக்கூடியது என்றால் அவசர மருந்து யார் பொறுப்பில் என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

கேள்வி: சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயம். மறைத்துச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் வாரமே தெரிந்துவிடும், பழி குழந்தைமேல் விழும். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, எல்லோரோடும் சேர்ந்து படிப்பதை உரிமையாகவே சொல்கிறது. உரிமை இருக்கிறது, ஆனால் மனமில்லாமல் சேர்க்கிற வகுப்பில் நாள் முழுக்க இருக்கப்போவது குழந்தைதான். அதனால் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எது பிடிக்கும், எதற்குப் பயப்படும், அழுதால் எப்படி அமைதியாகும். தடித்த ரிப்போர்ட்டைவிட ஆசிரியர் அதைத்தான் படிப்பார்.

கேள்வி: ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் குழந்தை கூடவே இருந்து உதவுகிற தனி ஆள், வைத்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள்.

பதில்: சில குழந்தைகளுக்குத் தேவைதான். ஆனால் படிப்படியாக எப்போது விலகுவார் என்ற திட்டம் முதல் நாளிலிருந்தே இருக்கணும். இல்லையென்றால் பென்சில் எடுப்பதுகூட அவர் வேலையாகிவிடும், வகுப்பு ஆசிரியரும் “அவருடைய பிள்ளை” என்று கைகழுவிவிடுவார்.

கேள்வி: பேச்சு வரும் வரை வீட்டில் தமிழ் பேசாதீர்கள், பள்ளி மொழியிலேயே பேசுங்கள் என்கிறார்கள். சரியா மேடம்?

பதில்: சரியில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில்தான் கதையும் கொஞ்சலும் தாராளமாக வரும், குழந்தைக்கு வேண்டியதும் அதுவே. காது பரிசோதனை ஆகிவிட்டதா? சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது. நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூட வார்த்தைகள் மங்கலாகவே கேட்கும்.

கேள்வி: வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் படக்கார்டு பழக்கினால் பேசாமலே இருந்துவிடுவானோ?

பதில்: மாட்டான். கேட்டது கிடைக்கிறது என்று புரிந்தால் அடம் குறையும், பேச முயல்வதற்கு அது தடையே இல்லை.

கேள்வி: சேர்த்து ஆறு மாதம் ஆகிறது. பள்ளி சரிதானா என்று எப்படித் தெரியும்?

பதில்: அவன் எதையெல்லாம் கற்க வேண்டும் என்று அவனுக்கென்றே பள்ளி எழுதுகிற தனிக் கல்வித் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். “கவனம் மேம்படும்” என்று எழுதியிருந்தால் அதை யாராலும் அளக்க முடியாது. “கழிப்பறைப் படத்தைக் காட்டித் தானே கேட்பான்” என்று இருந்தால் நடந்ததா இல்லையா என்று தெரியும். புதிதாகப் பள்ளி போகும்போது சில வாரம் அழுவது சகஜம். ஆனால் ஆறு மாதமாகியும் தூக்கம் கெட்டு, வந்த வார்த்தைகளும் குறைந்தால், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வந்த திறன் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. அவர் உடலில் கோளாறு இல்லை என்று சொன்னால் வேறு பள்ளி பாருங்கள், வருட நடுவில் என்றாலும் பரவாயில்லை.