கொழும்புக்கு மலையக மரக்கறி அனுப்பும் ஸ்டார்ட்அப்புக்கு 50 இலட்சம் கேட்கிறோம். முதலீட்டாளர்கள் என்ன கேட்பார்கள்?

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கரட், லீக்ஸ், கோவா வாங்கி ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

சந்தை எவ்வளவு பெரியது என்ற ஸ்லைட்டை அரை நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். அவர்கள் நோண்டுவது ஒரு கிலோவில் என்ன மிஞ்சும் என்பதைத்தான்.

உதாரணத்துக்குக் கரட் கிலோ 200 ரூபா என்று வையுங்கள். தரம் பிரிக்கையில் பத்து வீதம் கழிந்தால், விற்கக்கூடிய கிலோவின் அடக்கம் 222. கழுவல், பிளாஸ்டிக் கூடை, லொறிக் கூலி 30. ஆக 252. ஹோட்டல் 290 தந்தால் மிச்சம் 38. அனுப்பியதில் ஐந்து வீதத்தை ஹோட்டல் திருப்பிவிட்டால் அந்த 38 ரூபா 23.50 ஆகிவிடும். திரும்பி வரும் சரக்கைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முதல் கேள்வி அங்கேதான் விழும். மழையில் தோட்ட விலை ஏறினால் ஹோட்டல் விலையும் ஏறுமா, ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டு நிற்குமா என்பது அடுத்தது. றம்பொடையில் மண் சரிந்து பாதை மூடினால் ஹட்டன், அவிசாவளை வழியாக எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்றும் கேட்பார்கள்.

உண்மையான சிக்கல் கடன் நாட்களில். விவசாயிக்கு அன்றைக்கே காசு, ஹோட்டல் தருவதோ 45 நாள் கழித்து. நாளுக்கு 1,000 கிலோ என்றால் ஒரு கோடியே 13 இலட்சம் ரூபா வெளியில் நிற்கும். உங்கள் 50 இலட்சம் இருபதாவது நாளே தீர்ந்துவிடும். அந்தத் தொகை தாங்குவது நாளுக்கு 400 கிலோவைத்தான். அதற்கே 45 இலட்சம் முடங்கும். கடன் காலத்தை 15 நாளாகக் குறைத்தால் 1,000 கிலோவுக்கு 38 இலட்சம் போதும். ஆகவே ஹோட்டலோடு பேசிய கடன் நிபந்தனையை எழுத்தில் கொண்டுபோங்கள். பங்கை விற்று இந்த இடைவெளியை நிரப்புவது மகா விலை கூடிய வழி என்பது என் கருத்து. நல்ல முதலீட்டாளரே வங்கியிடம் போகச் சொல்வார்.

கம்பனியின் பெறுமதி பேசும்போது அது முதலீட்டுக்கு முன்னா, பின்னா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பின்பெறுமதி (வரும் 50 இலட்சமும் சேர்த்து) 2.5 கோடி என்றால் 50 இலட்சத்துக்கு 20 வீதப் பங்கு. அதே 2.5 கோடி முன்பெறுமதி என்றால் 16.67 வீதம்தான்.

பத்திரங்களில் மூன்று இடத்தில் இடறும். பிரதேச செயலகத்தில் பதிந்த வியாபாரப் பெயரை வைத்துப் பங்கு கொடுக்க முடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி வேண்டும். தரம் பிரிக்கும் பொடியன்மாருக்கு ஊழியர் சேமலாப நிதி (உங்கள் பங்கு 12 வீதம், அவர்களுடையது 8), நம்பிக்கை நிதியம் 3 வீதம் கட்டாமல் விட்டிருந்தால் அந்த நிலுவை கம்பனியின் கடன். களஞ்சியம் தோட்டக் காணியில் இருந்தால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி கேட்பார்கள். துரை வாயால் சொன்னது செல்லாது.