சீட்டை நீட்டினாலே எரிச்சல்: மருந்தாளுநரின் பணிச்சோர்வுக்கு என்ன வழி?

கேள்வி: எனக்கு வயது 34. டி.பார்ம் முடித்துவிட்டு, தனியார் மருத்துவமனை ஒன்றின் பார்மசியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பகல் டியூட்டி பத்து மணி நேரத்துக்குக் குறையாது. வாரத்தில் இரண்டு நாள் நைட். முன்பெல்லாம் நோயாளிகளோடு நின்று பேசுவேன். இப்போது "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று யாராவது இரண்டாவது தடவை கேட்டாலே கோபம் வருகிறது. போன மாதம் கார்பிமசோல் எழுதியிருந்த சீட்டுக்கு கார்பமசெபின் ஸ்ட்ரிப்பை எடுத்து வைத்துவிட்டேன். பில் போடும் பெண் கவனித்துச் சொன்னதால் தப்பியது. அதிலிருந்து சரியாகத் தூக்கமும் இல்லை. கணவர் வேலையை விட்டுவிடச் சொல்கிறார். வீட்டுக் கடன் இருக்கிறது. இது பர்ன்-அவுட்டா, இல்லை எனக்கு வேலையில் அக்கறை போய்விட்டதா?

பதில்: அக்கறை போயிருந்தால் அந்த ஸ்ட்ரிப்பை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்காது. அதனால் அந்தச் சந்தேகத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் பர்ன்-அவுட்டை, அதாவது பணிச்சோர்வை, ஒரு நோயாக வைக்கவில்லை. வேலையோடு சேர்ந்து வரும் ஒரு நிலை என்றுதான் சொல்கிறது. நீண்ட நாள் சரிசெய்யப்படாமல் கிடக்கும் வேலை அழுத்தத்தால் வருவது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போன உணர்வு, வேலையின் மீது விலகலோ வெறுப்போ வருவது, 'நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை' என்ற எண்ணம். இரண்டாவதும் மூன்றாவதும் உங்கள் கடிதத்தில் தெளிவாக இருக்கின்றன. முதலாவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பார்மசிக்காரர்கள் பலர் இப்படித்தான். கால்வலியும் களைப்பும் வேலையோடு சேர்ந்தவை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டதால் அதைப் புகாராகச் சொல்லவே தோன்றுவதில்லை.

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களை வைத்து மதிப்பெண் போட்டுப் பார்க்காதீர்கள். உளவியலாளர் மஸ்லாக் உருவாக்கிய 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஆய்வுகளுக்கானது. 'உனக்கு இருக்கிறது, உனக்கு இல்லை' என்று ஆளுக்கு ஆள் தீர்ப்புச் சொல்ல அது உதவாது. கவுண்டரில் உங்கள் கை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது அதைவிடப் பயன்படும்.

மருந்தின் பெயரை முதல் நான்கு எழுத்தோடு நிறுத்திவிட்டுக் கை தானாக ராக்குக்குப் போகிறதா? டாக்டர் கையெழுத்து புரியாதபோது முன்பு போன் போட்டுக் கேட்டவர், இப்போது 'எதுக்கு வம்பு, திட்டுவார்' என்று ஊகித்துக் கொடுக்கிறீர்களா? இரண்டு மருந்துகள் ஒத்துப்போகாது என்று கணினி எச்சரிக்கும்போது படிக்காமலே தட்டிவிடுகிறீர்களா? ஷெட்யூல் எச்1 பதிவேட்டை (சில ஆன்டிபயாடிக், பழக்கமாகிவிடும் மருந்துகள் போன்றவற்றின் விற்பனையைத் தனியாக எழுதும் நோட்டு) டியூட்டி முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து நிரப்புகிறீர்களா? மெத்தோட்ரெக்ஸேட் வாங்கும் மூட்டுவலிக்காரரிடம் "வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் இல்லை" என்று அழுத்திச் சொல்வது விட்டுப்போகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் உடனே கவனியுங்கள். அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கி உயிருக்கு ஆபத்து வரை போனவர்கள் உலகம் முழுக்க உண்டு. சோர்ந்துபோன மருந்தாளுநர் வேகம் குறையாமலேதான் வேலை செய்வார். வரிசை நகரும், பில் ஏறும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இப்படிச் சரிபார்ப்பும் விளக்கமும்தான் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும்.

சரி, அந்த கார்பிமசோல் விஷயம். கார்பிமசோல் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு, கார்பமசெபின் வலிப்புக்கு. எழுத்திலும் ஒலியிலும் ஒன்றுபோல் இருக்கும் மருந்து ஜோடிகளுக்கு இது பழைய உதாரணம். நன்றாகத் தூங்கி வந்தவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். அகர வரிசையில் இரண்டையும் அடுத்தடுத்து அடுக்கி வைத்த ராக்குக்கும் இதில் பங்கு உண்டு. நாளைக்கே ஒன்றை வேறு தட்டுக்கு மாற்றி, பெட்டியில் பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டுங்கள். பில் போடும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நன்றியும் சொல்லுங்கள். அடுத்த முறையும் அவர் தயங்காமல் வாய் திறக்க வேண்டும்.

இனி உடம்பு. மனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதுப் பெண்களிடம் இரத்தசோகை நம் ஊரில் சர்வசாதாரணம். அதுவும் இதே களைப்பையும் எரிச்சலையும் கொடுக்கும். அப்புறம் மனச்சோர்வு நோய். பணிச்சோர்வு பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் லீவு கிடைத்தால் சாப்பாடு ருசிக்கும், வீட்டாரோடு சிரிக்கத் தோன்றும். அந்த லீவிலும் எதிலும் நாட்டமில்லை, இரண்டு வாரமாகக் காலையில் எழும்போதே மனம் கனக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலை செய்யும் இடத்திலேயே காட்டத் தயக்கமாக இருந்தால் வெளியில் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும் இலவசம். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்துபோனாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னாலேயே அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. 'அரை மாத்திரைதானே' என்று தொடங்காதீர்கள். கைக்கு எட்டும் தூரத்தில் மருந்து இருப்பதுதான் நம் துறையில் உள்ள எல்லோருக்கும் உள்ள தனி ஆபத்து. டாக்டர்கள், நர்ஸ்களும் இதில் சேர்த்தி. ஏற்கெனவே தினமும் எடுக்கும் பழக்கம் வந்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். நைட் டியூட்டி நாட்களில் கடைசிக் காபியை நள்ளிரவோடு முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அறையை இருட்டாக்கிப் படுங்கள். சமையலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் உண்மையில் உதவ நினைத்தால், வேலையை விடச் சொல்வதைவிட அந்தக் காலை நேரப் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்வது பெரிய உதவி.

இதெல்லாம் உங்கள் பக்கம். பிரச்சினை உங்களிடம் மட்டும் இல்லையே. ஆள் குறைவு, ரிலீவர் வராதது, டிஸ்சார்ஜ் பில் முடிய பார்மசி ரிட்டர்ன்ஸ் (வார்டில் மிஞ்சித் திரும்பும் மருந்துகளின் கணக்கு) வரவேண்டும் என்று நோயாளியோடு வந்தவர்கள் கவுண்டரில் கத்துவது, இதையெல்லாம் மூச்சுப்பயிற்சி தீர்க்காது. சில மருத்துவமனைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊழியர்களை வரவழைத்து மன அழுத்த வகுப்பு எடுக்கின்றன. இருந்த ஒரு வீக் ஆஃபும் அதில் போகும்.

நிர்வாகத்திடம் 'ரொம்ப டென்ஷனா இருக்கு' என்று போனால் 'யாருக்குத்தான் இல்லை' என்ற பதில்தான் வரும். நீங்கள் எடுத்துப்போக வேண்டியது ஒரு குறிப்பேடு. நோயாளி கைக்குப் போகுமுன் பிடிபட்ட ஒவ்வொரு தவறையும் எழுதுங்கள்: தேதி, மணி, எந்த மருந்துக்கு எது மாறியது, அப்போது கவுண்டரில் எத்தனை பேர் இருந்தீர்கள். யார் செய்தது என்று மட்டும் எழுத வேண்டாம். பெயர் எழுதினால் இரண்டாம் நாளே எல்லோரும் மறைக்கத் தொடங்குவார்கள். மூன்று நான்கு வாரத்தில் தவறுகள் எந்த நேரத்தில் கூடுகின்றன என்பது தெரியும். மதியம் புறநோயாளிச் சீட்டும் வார்டு டிஸ்சார்ஜும் ஒன்றாக வந்து விழும் நேரமாகவோ, நைட் டியூட்டியின் கடைசி இரண்டு மணி நேரமாகவோ இருக்கலாம். அந்தத் தாளோடு போனால் அது உங்கள் சொந்தக் குறை என்ற நிலை மாறி நோயாளி பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிடும். 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான். தவறு நடந்தால் உங்கள் பதிவு எண்ணும் மருத்துவமனையின் உரிமமும் சேர்ந்தே கேள்விக்குள்ளாகும். இதை மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்கே தெரியும்.

கேட்பதையும் சின்னதாகக் கேளுங்கள். இன்சுலின், வார்ஃபரின், டிகாக்சின், மெத்தோட்ரெக்ஸேட், குழந்தைகளுக்கான சிரப் அளவு, அளவு தவறினால் ஆபத்தாகும் இவற்றுக்கு மட்டும் இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நெரிசல் நேரத்தில் போனை எடுக்க வேறொருவர். மதியச் சாப்பாட்டுக்குக் கவுண்டரை விட்டு அரை மணி நேரம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு மேலாளர் சிரித்தால், அமெரிக்காவில் சிவிஎஸ் என்ற பெரிய மருந்துக்கடை நிறுவனம் 2022 பிப்ரவரியிலிருந்து பெரும்பாலான கிளைகளில் மதியம் 1.30 முதல் 2 மணி வரை பார்மசியை மூடிவிட்டு மருந்தாளுநரைச் சாப்பிட அனுப்புகிறது என்று சொல்லுங்கள். ஆனாலும் 2023இல் அங்கே பணிச்சுமை தாங்காமல் மருந்தாளுநர்கள் வெளிநடப்பு செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சாப்பாட்டு நேரம் மட்டும் போதாது, ஆளும் வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். 2021இல் வந்த திருத்தம் ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்கிறது. நாள் முழுக்க நிற்கும் மருந்தாளுநருக்கு ஒரு உயரமான ஸ்டூல் ஆடம்பரம் அல்ல. உங்கள் ஷிப்ட் கணக்கை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். உடனே மனுக் கொடுக்க வேண்டியதில்லை. பேசும்போது தெரிந்து பேசலாம்.

இதைப் படிக்கும் நர்ஸ்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் இதே வழிதான் பொருந்தும். ராக்குக்குப் பதில் ஐ.வி. டிரிப், சாம்பிள் டியூப் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு ஆறு வாரம் கழித்துப் பதில் தேடுங்கள். நைட் டியூட்டி முடிந்த காலையில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். அதற்குள் இரத்தப் பரிசோதனை முடிந்திருக்கும், குறிப்பேடு நிர்வாகத்தின் மேசைக்குப் போயிருக்கும். அவர்கள் எதையுமே மாற்றவில்லை என்றால் வேறு இடம் தேடுவது தோல்வி ஆகாது. ஸ்டோர், பர்ச்சேஸ் பிரிவுகளில் நோயாளி நெரிசல் இருக்காது. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகம் போலச் சொந்தமாகக் கடை வைக்கும் ஆசையும் வரலாம். ஆனால் சொந்தக் கடையில் வீக் ஆஃப் கேட்க ஆளே கிடையாது, இப்போதைய நிலையில் அதை நான் சொல்ல மாட்டேன். எங்கே போனாலும் அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, பழைய இடத்தின் உரிமத்தில் உங்கள் பெயர் இருந்தால் விலகிய தேதியை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இல்லாத கவுண்டரில் நடக்கும் தவறுக்கும் உங்கள் பெயர் இழுபடும்.