கருமஞ்சள் பற்றுப் போடலாமா?

கேள்வி: கடலூர் நாட்டுமருந்துக் கடையில் கருமஞ்சள் வாங்கினேன். முழங்கால் வலிக்குப் பூசலாமா? தோட்டத்தில் வளருமா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: முதலில் பச்சைக் கிழங்கை நறுக்கிப் பாருங்கள். அசல் என்றால் உள்ளே நீலம் பாய்ந்திருக்கும். கற்பூர வாசனை தூக்கும். மத்தியப் பிரதேசம், வடகிழக்கு மாநிலப் பழங்குடியினர் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் இதை அரைத்துப் பற்றுப் போடுவார்கள். ஓர் அங்குலத் துண்டை வெந்நீர் விட்டு இழைத்து, முழங்கையின் உட்புறம் தடவி ஒருநாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் வலிக்கும் இடத்தில் அரைமணி நேரம் போடலாம். புண்மேல் கூடாது. கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. புற்றுநோய் தீரும், பணம் சேரும் என்று விற்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள்.

முளையுள்ள கிழங்கை வைகாசியில், அரைநிழலில், 2 அங்குல ஆழத்தில் நடுங்கள். மேட்டுப்பாத்தி அவசியம், நம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். இலை காய்ந்ததும் தை வாக்கில் தோண்டலாம்.