யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தொழில்முறை கோல்ஃப் வீரராக வர முடியுமா?

கேள்வியில் வயது போடவில்லை. ஏ/எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பெடியன் என்று வைத்துக்கொள்கிறேன். கனடாவிலிருந்து லீவில் வந்த மாமா யாரோ கோல்ஃப் பை ஒன்றை விட்டுவிட்டுப் போயிருப்பார். சரிதானே? எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு பை வந்தது. அதிலிருந்த இரும்பு மட்டையால்தான் அந்த வீட்டு அம்மா இன்றைக்கும் வேலிக்குள் தலை போடுகிற ஆடுகளைத் துரத்துகிறா.

நான் வீரனும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. கட்டாரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆறு வருடம் புல் வெட்டினவன். "புல் வெட்டினவனுக்கு என்ன தெரியும்" என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், ஊரில் கேட்காததா?

போட்டி நாட்களில் விடிய நாலு மணிக்கே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு போய்விடுவோம். ஒவ்வொரு நாளும் குழியின் இடம் மாற வேண்டும். இரண்டு பக்கமும் கைபிடி வைத்த உருளைக் கருவி ஒன்று இருக்கிறது. அதைப் புல்லில் வைத்து முறுக்கி இறக்கித் தூக்கினால், குழல் பிட்டுத் தள்ளின மாதிரி மண் புல்லோடு முழுதாக வரும். அதை நேற்றைய குழிக்குள் இறக்கி, மட்டம் பார்த்து, தண்ணீர் விட்டு அமத்திவிட்டால் அடையாளமே தெரியாது. குழியின் வாய் நாலேகால் அங்குலம், உலகம் முழுக்க அதே அளவு. பந்து 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பார்த்தால் தாராளமான இடம் மாதிரித்தான் இருக்கும்.

போட்டி நாலு நாள். முதல் இரண்டு நாளும் சேர்த்து 36 குழி ஆடி முடிந்ததும், பந்தை எத்தனை தரம் அடித்தார்கள் என்று எண்ணி ஒரு கோடு போடுவார்கள். குறைய அடித்தவர்கள் மேலே. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் மிச்ச இரண்டு நாளும் ஆடிப் பணம் பார்ப்பார்கள். கீழே இருப்பவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. விமான டிக்கெட், அறை, பை தூக்குகிற கேடியின் சம்பளம் எல்லாம் சொந்தக் காசு.

அப்படி ஒரு இரண்டாம் நாள் பின்னேரம், 18ஆவது குழிக்குப் பக்கத்தில் மணல் இழுக்கிற வாரியோடு நின்றேன். இருபத்தைந்து வயதிருக்கும் ஒருவன், மூன்று அடியில் இருந்து உருட்ட வேண்டும். உருட்டினான். பந்து குழியின் விளிம்பில் அரை வட்டம் சுற்றி வெளியே வந்து நின்றது. அன்று மட்டையடி ஒன்றே ஒன்று கூடினதால் அவன் கோட்டுக்குக் கீழே போனான். இருட்டின பிறகு, நான் கார் நிறுத்துமிடத்தில் குப்பை எடுக்கும்போது, தனியாகப் பையை டாக்சியில் ஏற்றிக்கொண்டிருந்தான். என் சீருடையைப் பார்த்துவிட்டு, "18இல் குழி வெட்டினது நீயா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. இல்லை என்றேன். நான்தான் வெட்டினேன்.

அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று எனக்கு விளங்கினது அன்றைக்குத்தான்.

விஜய் சிங்கைப் பார் என்பார்கள். பார்ப்போம். பீஜிக்காரர், போர்னியோவில் கிளப் ஒன்றில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். பிறகு அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிச் சுற்றில் 34 வெற்றி, அதில் 22 நாற்பது வயதுக்குப் பிறகு. 2004இல் டைகர் வூட்ஸையே உலகத் தரவரிசையின் முதலிடத்தில் இருந்து இறக்கினார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனை வென்றார். எங்கள் நாட்டு நடராஜா தங்கராஜாவும் இந்தியச் சுற்றில் வென்றிருக்கிறார். இன்னொரு இலங்கை வீரர் மிதுன் பெரேராவின் அப்பா நந்தசேன பெரேராவே தொழில்முறை வீரர். விஜய் சிங்குக்கும் பழக்கிவிட்டது அப்பாதான். பழக ஆளும் கால் வைக்க மைதானமும் இவர்களுக்குக் கிடைத்தன.

எங்களுக்கு? கொழும்பு, நுவரெலியா, திகண, அம்பாந்தோட்டை என்று எல்லாம் தூரம். திருகோணமலைப் பக்கம் சீனக்குடாவில் ஒன்று இருக்கிறது, அதுவும் விமானப்படையுடையது. இங்கே உள்ள வெளியைப் பற்றிக் கேட்காதேங்கோ. எங்கள் ஊர்க் கழக மைதானத்தை வருடத்தில் இரண்டு மாதம் களியாட்ட விழாவுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பிறகு பிள்ளைகள் ஆணியும் சோடா மூடியும் பொறுக்கிவிட்டுத்தான் கால்பந்து ஆட வேண்டும். கணக்குக் கேட்டதற்கு என்னைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை. சரி, அது வேறு கதை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, மைதானம் உள்ள இடத்தில் வேலை கேட்டுப் போங்கோ. கேடி வேலையோ, புல் வேலையோ, எதுவாகவும் இருக்கட்டும். அப்புறம், தொழில்முறை என்றால் போட்டியில் ஆடுகிறவர் மட்டுமில்லை. கிளப்பில் இருந்து மற்றவர்களுக்குப் பழக்குகிறவரும் தொழில்முறைதான், அவருக்கு மாதச் சம்பளமாவது வரும். இதை எழுதினதற்கு "பெடியனின் கனவைக் கெடுக்கிறாய்" என்று ஒருவர் வரத்தான் போகிறார்.

மட்டை பிடிக்கப் பழக்க எனக்குத் தெரியாது. குழி வெட்டத் தெரியும். எங்கள் வளவில் இரண்டு பரப்புக் காணி சும்மா கிடக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் பையையும் கொண்டு வாங்கோ, நாலேகால் அங்குலத்தில் ஒன்று வெட்டித் தருகிறேன். மூன்று அடியில் இருந்து உருட்டிப் பாருங்கோ.